பிடியரிசியும் பள்ளி வருகையும்

கல்வியின் பெருமையை எடுத்துரையாத சமூக மகாநாடு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் கட்டுவித்தோர் பெயரும், ஏழை மாணாக்கருக்கு உபகாரச் சம்பளம் அளித்தோர் பெயரும் நம் போன்ற சங்கங்களின் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் அச்சேறி வருகின்றன. அவை யாவும் போற்றத்தக்கனவே. ஆயினும், கட்டிய பள்ளியில் பிள்ளைகள் நாள்தோறும் வந்து அமர்கின்றனரா, வாராதோர் எக்காரணத்தால் வாராதொழிந்தனர் என்னும் விஷயங்களை நாம் மேடையில் பேசுவது மிக அரிது. கட்டிடம் எழுப்புவது ஒருமுறை செய்து முடிக்கும் தருமம். பிள்ளையை வருவிப்பதோ தினந்தோறும் செய்ய வேண்டிய தருமம். முன்னதற்குக் கல்வெட்டு உண்டு. பின்னதற்கு ஹாஜர்ப் பட்டி ஒன்றே சாட்சி. ஆதலின், பள்ளிக்கு வாராத பிள்ளையை வருவிக்க நமது நாட்டில் பொதுமக்களும் சமூகங்களும் அரசாங்கத்தாரும் இதுகாறும் செய்த முயற்சிகளின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராயப் புகுகின்றோம். அவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உளது என்பது எமது துணிபு.

திண்ணைப் பள்ளியின் முறை

1822-ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, ஜில்லாதோறும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 ஜனங்கள் வாழ்ந்த இம்மாகாணத்தில் 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அதாவது, ஜனங்களில் 67 பேருக்கு ஒருவரே பள்ளியில் இருந்தார்.

அக்கணக்கெடுப்பில் பல்லாரி ஜில்லாக் கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை மிகவும் ஊன்றிப் படிக்கத்தக்கது. அந்நாளைய பள்ளியில் காலந்தவறாமல் வருவதற்குக் கையாண்ட உபாயத்தை அவர் விவரிக்கின்றார். காலையில் முதலாவதாக வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவர். அது அவனுக்குக் கௌரவம். இரண்டாவதாக வந்தவன் கையில் சுழியம் இடுவர். அவன் புகழ்ச்சிக்கும் உரியவனல்லன், இகழ்ச்சிக்கும் உரியவனல்லன். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அவனுக்குப் பின் வருவோர்க்கு ஒவ்வோர் அடி ஏறிக்கொண்டே போகும். சோம்பிய பிள்ளையை இரு கைகளையும் கட்டிக் கூரையினின்று தொங்கவிடும் தண்டனையும், ஓயாது உட்கார்ந்து எழச் செய்யும் தண்டனையும் அவ்வறிக்கையிற் கூறப்படுகின்றன. இவற்றைத்தான் நம் பாட்டனார் கோதண்டம் என்றும் தோப்புக்கரணம் என்றும் சொல்லக் கேட்டிருக்கின்றோம். வாராத பிள்ளையை வீடு தேடிச் சென்று பிடித்து வரும் அதிகாரம் சட்டாம்பிள்ளைக்கு உண்டு.

ஆயினும், அதே அறிக்கையில் அக்கலெக்டர் வேறொரு செய்தியையும் மறையாது எழுதியுள்ளார். முன்னர்ப் பள்ளிகள் இருந்த பல கிராமங்களில் இப்போது பள்ளியே இல்லை என்றும், நடுத்தர மக்களும் அவரினும் தாழ்ந்த நிலையினரும் பிள்ளைகளைப் படிப்பிக்கும் செலவைத் தாங்க முடியாத வறுமைக்கு ஆளாயினர் என்றும், பிள்ளைகளின் இளங்கைகள் சிறிது வேலை செய்யத் தகுதி பெற்ற உடனேயே அவ்வேலையைக் குடும்பம் எதிர்பார்த்து நிற்கின்றது என்றும் அவர் கூறுகின்றார். பிரம்படியின் கணக்கும் வறுமையின் கணக்கும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்து நிற்றலை அன்பர்கள் கவனிப்பார்களாக. நேரங்கழித்து வந்த பிள்ளைக்கு அடி போதுமானதாயிருக்கலாம். வயலிலும் தறியிலும் நிற்கும் பிள்ளைக்கு அடியினால் யாது பயன்?

பிடியரிசி

காம்ப்பெல் கண்ட நோய்க்கு மருந்து தேடியவர்களுள், சர்க்காரை எதிர்பாராது தம் கையையே நம்பி முற்பட்டவர்கள் வர்த்தகச் சமூகத்தார் சிலர். அவர்களுள் விருதுபட்டி என்று அந்நாளில் வழங்கிய விருதுநகரின் நாடார் உறவின்முறையார் செய்த ஏற்பாடு யாவரும் அறியத்தக்கது. 19-ஆம் நூற்றாண்டின் எண்பதுகளில் அவ்வூரில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றிற்று. அதனை நடத்தும் பொருளுக்கு இரண்டு ஊற்றுக்கள் இருந்தன. ஒன்று மகமை. ஊருக்கு வரும் சரக்கிற்கும் ஊரை விட்டுப் போகும் சரக்கிற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட பொதுநிதி அது. மற்றொன்று பிடியரிசி. வீட்டில் உலையிடும்போது அளந்தெடுத்த அரிசியினின்று ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்திற் சேர்த்து வைப்பது மாதர்களின் கடமை. சேர்ந்த அரிசியைப் பள்ளியின் செலவிற்காக வீடுவீடாகச் சென்று திரட்டுவர்.

மகமை செல்வர் கொடுத்தது. பிடியரிசி எல்லோரும் கொடுத்தது. பணமுடையவன் பள்ளிக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு அதனை மறந்துவிடலாம். தினமும் ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்கும் தாயோ பள்ளியைத் தினமும் நினைக்கின்றாள். தன் உலையரிசியிற் பங்கு பெற்ற பள்ளிக்குத் தன் மகன் போகாதிருப்பதை அவள் பொறுப்பாளோ? ஆதலின் பிடியரிசி என்பது நிதி திரட்டும் உபாயம் மட்டுமன்று. பள்ளியின்மீது ஊரார் கண் வைத்திருக்கச் செய்யும் உபாயமுமாம் என்று கருதுகின்றோம்.

நிற்க. அவ்வித்தியாசாலையிற் பயின்ற சிறுவர்களுள் ஒருவர், 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி அவ்வூரிற் பிறந்த காமராஜர். தந்தையார் இறந்தபோது அவருக்கு ஆறு வயது. பன்னிரண்டு வயதளவில் அவர் பள்ளியை விட்டுத் தாய்மாமனின் துணிக்கடைக்குச் சென்றார். ஊரார் பிடியரிசியால் நடந்த பள்ளியே தன் மாணாக்கருள் மிகப் புகழ்பெற்றவரை இறுதிவரை வைத்துக்கொள்ள இயலவில்லை. சம்பளம் வாங்காத பள்ளியாயிருப்பது ஒரு படி. பிள்ளையின் வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்று பார்ப்பது அதற்கு அடுத்த படி. முதற்படியோடு நின்ற தருமம் பாதி தருமமே என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சி வேண்டுவதில்லை.

கட்டாயமும் அபராதமும்

இதற்கிடையில், சட்டத்தினால் பிள்ளைகளை வருவிக்கலாம் என்னும் எண்ணமும் நாட்டிற் பரவிற்று. பரோடா சமஸ்தானத்து மகாராஜா ஸயாஜிராவ் கெயிக்வாட் 1893-இல் அம்ரேலி தாலுகாவிற் கட்டாயக் கல்வியைத் தொடங்கி, 1906-இல் சமஸ்தானம் முழுமைக்கும் விரித்தார். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விதிப்பது அச்சட்டத்தின் வழி. அதனை முன்மாதிரியாகக் கொண்டு கோபால கிருஷ்ண கோகலே 1911-இல் இம்பீரியல் சட்டசபையிற் கொணர்ந்த மசோதா மறு ஆண்டு தோற்கடிக்கப்பட்டது. நமது மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டு ஆரம்பக் கல்விச் சட்டம், ஸ்தல ஸ்தாபனங்கள் கல்வி வரி விதிக்கவும், தத்தம் எல்லையிற் கட்டாயக் கல்வியைக் கொணரவும் இடந்தந்தது.

இச்சட்டங்களை இயற்றினோர் நல்லெண்ணமுடையோர் என்பதில் ஐயமில்லை. கல்வி ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை என்பதைச் சட்டம் சொல்லாவிடின் வேறு எது சொல்லும்? ஆயினும், கூலிக்குச் செல்லும் தந்தையிடத்தில் அபராதம் வாங்குவது, பிள்ளையின் மதியச் சோற்றைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும். பசியினால் வாராத பிள்ளையை மேலும் பசிக்கச் செய்து வருவிக்க முடியாது.

ஆயிரம் விளக்கில் ஓர் அணா

இவ்வுண்மையைச் சென்னை நகரசபையார் அதே 1920-ஆம் ஆண்டிற் கண்டுகொண்டனர். நகரசபைத் தலைவராக ஸர் பிட்டி தியாகராய செட்டியார் இருந்த காலம் அது. ஆயிரம் விளக்கிலிருந்த நகரசபைப் பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் மிக ஏழைகளாதலின், அவர்தம் வறுமை பள்ளியின் தொகையை அடிக்கடி குறைத்து வந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவிற்கு மேற்படாத செலவிற் சிற்றுண்டி அளிக்கலாமென்று செப்டம்பர் 16-ஆம் தேதி தீர்மானமாயிற்று. பின்னர் வேறு நான்கு பள்ளிகளிலும் இவ்வழக்கம் பரவிற்று. அவ்வைந்து பள்ளிகளிலும் 1922-23-இல் 811 ஆக இருந்த மாணாக்கர் தொகை, 1924-25-இல் 1,671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இரட்டித்த இத்தொகையைப் பிரம்பும் அபராதமும் எங்கேனும் காட்டியதாக நாம் கேட்டதில்லை.

ஆனால், ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவழித்தலாகாது என்று சர்க்கார் தடுத்ததனால், 1925 ஏப்ரல் முதல் தேதியோடு இந்தத் தருமம் நின்றது. சிலேட்டு வாங்குவது கல்விச் செலவு, சோறிடுவது கல்விச் செலவன்று என்பது அந்நாளைய கணக்கதிகாரிகளின் நியாயம். 1927-இல் 25 பள்ளிகளைச் சேர்ந்த ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கென்று அது மீண்டும் தொடங்கப்பெற்றது.

மதிய உணவும் ஊரார் சீரும்

1953-இல் முதன்மந்திரி ராஜாஜி, பிள்ளைகள் ஒருவேளை மட்டும் பள்ளியிலிருந்து, எஞ்சிய வேளையிற் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றொரு மாற்றத்தைக் கொணர்ந்தார். இருக்கும் பள்ளிகளைக் கொண்டே அதிகப் பிள்ளைகளைப் படிப்பிக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். தந்தையின் தொழிலிலேயே மகனைக் கட்டிவைக்கும் குலக்கல்வி இது என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் முதன்மந்திரியான காமராஜர் மறுமாதமே அதனைக் கைவிட்டார். கைவிட்டால் மட்டும் போதுமோ? வேலைக்குச் செல்லும் பிள்ளையைப் பள்ளியில் நாள் முழுதும் இருத்த வேண்டுமாயின், அவன் வயிற்றுக்கு வழி கூற வேண்டுமன்றோ?

1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அந்நாளிற் கல்வித்துறையின் தலைமைப் பொறுப்பிலிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு உறுதுணையாயிருந்தார். இத்திட்டம் முதலில் ஊரார் தருமமாகவே எழுந்தது என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். கிராமத்தார் நெல்லும் பருப்பும் காய்கறியும் விறகும் திரட்டித் தந்தனர்; ஆசிரியர்கள் சமையலையும் பந்தியையும் மேற்பார்த்தனர். பின்னர் சர்க்கார் பெரும்பங்கை மானியமாக ஏற்க, எஞ்சியதை ஊரார் ஏற்றனர். விருதுபட்டியின் ஒரு பிடி அரிசி இவ்வாறு மாகாணத்தின் பிடியரிசியாயிற்று என்று கூறின் அது மிகையாகாது.

1958-இல் செங்கற்பட்டு ஜில்லா கடம்பத்தூரிற் பள்ளிச் சீரமைப்பு மகாநாடு கூடிற்று. தலைமையாசிரியர் தம் பள்ளியின் குறைகளை ஜாப்தாவாக எழுதி ஊரார் முன் வைப்பார். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், குடிநீர்ப் பானை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை என்று அவரவர் இயன்றதை ஏற்றுக்கொள்வர். கலியாண வீட்டிற்குச் சீர்வரிசை கொண்டு செல்வதுபோலப் பள்ளிக்குச் சீர் கொண்டு சென்றனர். கந்தலுடுத்த பிள்ளை வெட்கத்தால் வாராதிருந்ததும், சீருடை கிடைத்தபின் மற்றவரோடு ஒன்றாய் வந்து அமர்ந்ததும் எவ்வூரிலும் கண்கூடு. சீருடையைப் பள்ளியின் அலங்காரம் என்று நினைப்போர், அது வாராத பிள்ளையை வருவித்த மருந்து என்பதை அறிவார்களாக.

1982 ஜூலை முதல் தேதி முதன்மந்திரி எம். ஜி. ராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள பாப்பாக்குறிச்சியிற் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் 2 முதல் 9 வயதுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய அது, விரைவில் நகரங்களுக்கும், 1984-இல் 15 வயது வரையுள்ள மாணாக்கருக்கும் விரிந்தது. 2001 நவம்பர் 28-ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், நாடெங்குமுள்ள ஆரம்பப் பள்ளிகளிற் சமைத்த உணவு அளிக்க வேண்டுமென்று உத்தரவிட்டது. ஆயிரம் விளக்குப் பள்ளியின் ஓர் அணாச் சிற்றுண்டி எண்பத்தோராண்டு கழித்துத் தேசத்தின் நீதியாயிற்று.

பந்தியில் ஒரு குறை

இவ்வரலாற்றில் மகிழ்ச்சி தரும் செய்திகளை மட்டுமே எழுதினால் நாம் உண்மைக்குத் துரோகம் செய்தவராவோம். ஒரே பந்தியிற் பல சாதிப் பிள்ளைகளும் அமர்ந்து உண்பது, எத்தனையோ சீர்திருத்தப் பிரசங்கங்கள் செய்யாத நன்மையைச் செய்தது. ஆயினும், பட்டியல் சாதியைச் சேர்ந்த மாது சமைத்தாள் என்பதற்காகத் தம் பிள்ளைகளை உண்ணவிடாது தடுத்த பெற்றோரும் இந்நாட்டில் உளர். 2018-இலும் திருப்பூர் ஜில்லாவில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடந்து, செய்தித்தாள்களில் வெளிவந்தது. சாதியின் பெயரால் சங்கம் அமைத்துள்ள நாம் இதனைப் படித்துவிட்டு வாளா இருத்தல் கூடாது. தன் இனத்தை உயர்த்த எழுந்த சங்கம் பிறரைத் தாழ்த்துவதற்குத் துணை நிற்குமாயின், அது தன் வேரிலேயே வெந்நீர் வார்த்துக் கொள்வதாகும். பிள்ளையின் பசியைத் தீர்த்த கை எவர் கையாயினும் அது வணங்கத்தக்க கையே.

மற்றொரு குறை இதனினும் நமக்கு அணிமையிலுள்ளது. பிடியரிசியாற் பள்ளி நடத்திய அதே விருதுநகர் வட்டாரத்திலேயே, நூற்றாண்டு கழிந்த பின்னரும், சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளிற் பிள்ளைகள் வேலை செய்து வந்தனர். விடியுமுன்னே கிராமங்களுக்குப் பஸ்களை அனுப்பித் தூங்குகின்ற பிள்ளைகளை ஏற்றி வந்த செய்தியை அந்நாளைய பத்திரிகைகள் எழுதின. பள்ளியின் சட்டாம்பிள்ளை எழுமுன் தொழிற்சாலையின் ஆள் எழுந்துவிட்டான். 1986-இற் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பிறந்தது. 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், அபாயகரமான தொழிலிற் பிள்ளையை அமர்த்திய முதலாளி, பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் அதன் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும், அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசாங்கம் வேலை தர வேண்டும், தர இயலாதாயின் 5,000 ரூபாய் நிதிக்குச் சேர்க்க வேண்டும் என்றும் விதித்தது. அபராதத்தை ஏழைத் தந்தையிடமிருந்து முதலாளியிடம் மாற்றியதும், பிள்ளையின் கூலிக்கு ஈடாகத் தந்தைக்கோ தாய்க்கோ வேலையைக் காட்டியதும் அத்தீர்ப்பின் சிறப்பு. காம்ப்பெல் கண்ட காரணத்திற்கு நேராக மருந்திட்ட தீர்ப்பு அது.

இக்காலம்

2020 மார்ச்சில் கொரோனா நோயினால் மூடப்பெற்ற பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதியே திறந்தன. அவ்விடைக்காலத்தில் எழுத்தை மறந்த சிறுவரும், கடைகளிலும் பட்டறைகளிலும் கூலிக்குச் சேர்ந்த சிறுவரும் பலர். அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், ஊரிலுள்ள படித்த மாதரும் வாலிபரும் மாலைதோறும் தெருப் பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பித்தனர். பழைய திண்ணை மீண்டும் பள்ளியாயிற்று. பிரம்பு மட்டும் இல்லை. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையிற் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் 31,008 அரசினர் ஆரம்பப் பள்ளிகளுக்கு விரிந்தது. விடியற்காலையில் வேலைக்குச் செல்லும் தாய் சமைக்க நேரமின்றிப் பிள்ளையை வெறுவயிற்றோடு விடுகின்றாள் என்பதைக் கண்டு செய்த ஏற்பாடு அது.

நமது கடமை

இருநூறு ஆண்டுகளின் வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? வாராத பிள்ளையைக் குற்றவாளியாகக் கொண்ட முயற்சிகள் தோற்றன. வாராமைக்குக் காரணம் யாது என்று கேட்டு, அக்காரணத்தின் பாரத்தைத் தாமே சுமந்த முயற்சிகள் வென்றன. சம்பளம் தடையாயிருந்தபோது மகமையும் பிடியரிசியும் அதனை நீக்கின. பசி தடையாயிருந்தபோது உணவு நீக்கிற்று. கந்தல் தடையாயிருந்தபோது சீருடை நீக்கிற்று. கூலி தடையாயிருந்தபோது பெற்றோருக்கு வேலை என்னும் நீதி எழுந்தது.

ஆதலின் நம் சங்க அன்பர்களுக்குச் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றோம். ஆண்டு விழாவில் அதிக மார்க்கு வாங்கிய பிள்ளைகளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகின்றோம். நன்று. ஆனால், வறுமையுள்ள வீட்டிலிருந்து ஆண்டு முழுதும் ஒருநாளும் தவறாது வந்த பிள்ளைக்கு நாம் ஒரு பரிசும் வைக்கவில்லை. முதல்வனுக்கு நாம் காட்டும் மரியாதையில் ஒரு பங்கையாவது அவனுக்குக் காட்ட வேண்டும். கலியாணம், காதுகுத்து, குலதெய்வக் கொடை என்று பள்ளி நாட்களில் வாரக்கணக்காகப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வழக்கத்தை நம் குடும்பங்கள் விட வேண்டும். இதனை ஏழைகள்மேற் குறையாகச் சொல்லுதற்கில்லை. வசதியுள்ளோர் செய்யும் பிழை இது. நம்மவருட் கடை, பட்டறை, ஆலை நடத்துவோர், பள்ளி வயதுள்ள எப்பிள்ளையையும், அது எவர் வீட்டுப் பிள்ளையாயினும், வேலைக்கு வைத்துக்கொள்ளலாகாது. ஊர்தோறும் நமது கிளைச்சங்கத்தார் மாதம் ஒருமுறை பள்ளிக்குச் சென்று, தொடர்ந்து வாராத பிள்ளைகள் எவரெவர் என்று தலைமையாசிரியரை வினவி, அவ்வீடுகளுக்குச் சென்று வர வேண்டும். செல்லும்போது சட்டாம்பிள்ளைபோலச் செல்லாது, மாமன் மைத்துனன்போலச் செல்லல் வேண்டும். நோயா, கடனா, தாயில்லாக் குறையா, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமையா என்று கேட்டறிந்து, இயன்றதை அவ்விடத்திலேயே செய்தல் வேண்டும். பெண்பிள்ளைகள் பூப்பெய்திய பின் நின்றுவிடும் வீடுகளை மூத்த மாதர்கள் சென்று காண்பது மிக நன்று.

இவற்றை நம் சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் செய்வோம் என்று வரம்பிட்டுக் கொள்ளுதல் தகாது. ஒரு தெருவிற் பத்துப் பிள்ளைகள் வேலைக்குச் செல்ல, நம் பிள்ளை மட்டும் தனியே பள்ளிக்குச் செல்வது அரிது. தெருப் பிள்ளைகள் யாவரும் செல்லும்போது நம் பிள்ளையும் தானே செல்லும். ஒரு பிடி அரிசி ஒரு வீட்டை ஏழையாக்கியதில்லை. பல வீட்டுப் பிடிகள் சேர்ந்து ஒரு பள்ளியை நிலைநிறுத்தின. இன்று அரிசிக்குக் குறைவில்லை. வாராத பிள்ளையின் வீட்டு வாயிலில் நின்று காரணங் கேட்க நாம் செலவிடும் ஒரு நாழிகையே இக்காலத்துப் பிடியரிசி. அதனை அளிக்க நம் அன்பர்கள் பின்வாங்கார் என்று நம்புகின்றோம்.